சப்வூஃபரும் ஸ்பீக்கர்களும் சேர்ந்து ஒலிக்க: புதுச்சேரி, கடலூர் வீடுகளில் ஹோம் தியேட்டரைச் சமன் செய்யும் வழி

ரிசீவர் (எல்லா ஸ்பீக்கருக்கும் ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் ஆம்ப்ளிஃபயர் பெட்டி) வாங்கியாயிற்று, ஐந்து ஸ்பீக்கரும், தாழ்ந்த ஒலிக்கென்றே இருக்கும் ஒரு சப்வூஃபரும் மாட்டியாயிற்று. படம் போட்டால் வசனம் முணுமுணுப்பாகக் கேட்கிறது. சண்டைக் காட்சி வந்ததும் ஜன்னல் கம்பி அதிர்கிறது. ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு வால்யூமைக் கூட்டுவதும் குறைப்பதுமாகவே இரண்டரை மணி நேரம் போய்விடுகிறது. இந்த நிலையில் இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

லாஸ்பேட்டையில் எங்கள் ஹாலில் இதை ஒரு வழிக்குக் கொண்டுவருவதற்குள் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. படித்துப் பார்த்த வழிகாட்டிகளில் பெரும்பாலானவை அமெரிக்க வீடுகளுக்கு எழுதியவை. அங்கே மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்த சுவர். பேஸ் என்னும் தாழ்ந்த ஒலியில் ஒரு பங்கை அந்தச் சுவரே அதிர்ந்து விழுங்கிவிடும், ஒரு பங்கை வெளியே விட்டுவிடும். நம்முடையது செங்கல் சுவர், கான்கிரீட் தளம், டைல்ஸ் தரை. தாழ்ந்த ஒலி வெளியேற வழியில்லாமல் அறைக்குள்ளேயே முட்டி மோதும். அதனால் நமக்கு அறைதான் முதல் பிரச்சினை, குமிழ்கள் பிறகுதான்.

வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்: முதலில் இடம், அடுத்து சப்வூஃபரின் பின்பக்கம், அடுத்து ரிசீவர் மெனு, கடைசியில் காது. பெரும்பாலோர் மெனுவில் ஆரம்பித்து அங்கேயே மாட்டிக்கொள்கிறார்கள்.

1. பில், சீரியல் நம்பர், மைக்

அளவீடு தொடங்கும் முன் காகிதங்களை எடுத்து மேசையில் வையுங்கள். ஜிஎஸ்டி எண் அச்சிட்ட பில் உங்கள் பெயரில் இருக்க வேண்டும். ரிசீவருக்கும் சப்வூஃபருக்கும் பின்னால் ஒட்டியிருக்கும் சீரியல் நம்பர் பில்லிலும் வாரண்டி கார்டிலும் இருக்கிறதா, எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். கடை முத்திரை இல்லாத வாரண்டி கார்டு பிற்பாடு தலைவலி. எல்லாவற்றையும் போனில் படமெடுத்து உங்களுக்கே மெயிலும் அனுப்பிக்கொள்ளுங்கள். வெயிலில் மங்கும் தெர்மல் பேப்பர் பில் ஒரு வருடத்தில் வெள்ளைத்தாளாகிவிடும்.

அட்டைப்பெட்டியையும் தெர்மோகோலையும் வாரண்டி முடியும்வரை பரணில் வைத்திருங்கள். பல நிறுவனங்களுக்கு நம் ஊரில் சர்வீஸ் சென்டர் கிடையாது. சென்னைக்கு அனுப்ப வேண்டியிருக்கும். வாங்கும்போதே "பழுதானால் எடுத்துப்போகும் செலவு யாருடையது?" என்று கேட்டு, பதிலைப் பில்லின் பின்னால் எழுதி வாங்கிவிடுங்கள்.

ரிசீவர் பெட்டிக்குள் ஒரு சின்ன அளவீட்டு மைக் இருக்கும். சிலர் அதைப் பிரிக்காமலே பெட்டியோடு பரணில் ஏற்றிவிடுகிறார்கள். அதைத் தேடி எடுங்கள். வேறு கம்பெனி ரிசீவரின் மைக்கை இதில் மாட்டாதீர்கள். அந்தந்த மைக்கின் தன்மைக்கு ஏற்பத்தான் ரிசீவருக்குள் கணக்கு எழுதப்பட்டிருக்கிறது.

புதுச்சேரிக்கே உரிய ஒன்றையும் சொல்ல வேண்டும். இங்கே பல வீடுகளில் பிரான்சிலிருந்து சித்தப்பாவோ அத்தையோ கொண்டுவந்த சாதனம் இருக்கும். அங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான், ஆகவே மின்சாரம் ஒத்துவரும். பிளக்தான் ஒத்துவராது. அந்த நாட்டுச் சாக்கெட்டில் எர்த் முள் சாக்கெட்டிலிருந்தே நீட்டிக்கொண்டிருக்கும், பிளக்கில் அதற்கான துளை மட்டும் இருக்கும். நம் ஊர் மலிவு அடாப்டரைப் போட்டால் பிளக் உள்ளே போகும், எர்த் மட்டும் இணையாது. பிளக்கையே நல்ல மூன்று முள் பிளக்காக எலக்ட்ரீஷியனிடம் மாற்றிக்கொள்ளுங்கள். அமெரிக்காவிலிருந்து வந்ததென்றால் பின்பக்கம் எழுதியிருப்பதைப் படிக்காமல் செருகவே கூடாது. 120 வோல்ட் மட்டும் என்றிருந்தால் அதன் வாட் அளவுக்கு ஏற்ற ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். வெளிநாட்டு பில்லுக்கு இங்கே வாரண்டி பெரும்பாலும் செல்லாது என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாடகை வீடாக இருந்தால், சுவரில் துளை போட வீட்டு ஓனரிடம் முன்கூட்டியே கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிவிடுங்கள். அட்வான்ஸில் பிடித்தம் என்று வரும்போது அந்தச் செய்திதான் கைகொடுக்கும்.

2. செலவு எவ்வளவு, எதற்கு

சமன் செய்வதற்கென்று பெரிய பணம் தேவையில்லை. ஒரு டேப், கேமரா ஸ்டாண்டு, சப்வூஃபருக்கு ஐந்து முதல் எட்டு மீட்டர் ஆர்சிஏ கேபிள், போனில் இலவச ஒலிமானி செயலி. இவ்வளவுதான். டேப்புக்கும் ஸ்டாண்டுக்கும் கேபிளுக்கும் சேர்த்து இரண்டாயிரம், இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் ஒதுக்கினால் போதும். கேபிளைச் சற்று நீளமாகவே வாங்குங்கள். சப்வூஃபரை அறையின் எந்த மூலைக்கும் கொண்டுபோக முடிய வேண்டும். குட்டைக் கேபிள் வாங்கியவர்களுக்கு சப்வூஃபர் எங்கே என்பதைக் கேபிளே முடிவு செய்துவிடுகிறது. ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் "ஆடியோஃபைல்" கேபிள் வேண்டாம். நல்ல உறையும் இறுக்கமான முனையும் இருந்தால் போதும். இவையெல்லாம் நேரு வீதியைச் சுற்றியோ, கடலூரில் லாரன்ஸ் ரோட்டுப் பக்கமோ கிடைத்துவிடும். கிடைக்காதவற்றுக்குச் சென்னை ரிச்சி தெரு இருக்கிறது.

கொஞ்சம் ஆழமாகப் போக விரும்பினால் மினிடிஎஸ்பி நிறுவனத்தின் யூமிக்-1 போன்ற யுஎஸ்பி அளவீட்டு மைக்கும், ரூம் ஈக்யூ விஸார்ட் என்ற இலவச மென்பொருளும் போதும். ஒவ்வொரு யூமிக் மைக்குக்கும் தனித்தனித் திருத்தக் கோப்பு உண்டு. மைக்கின் மேல் உள்ள சீரியல் நம்பரைக் கொடுத்து நிறுவனத்தின் தளத்தில் இறக்கிக்கொள்ள வேண்டும். இரவலாக வாங்கினாலும் அந்த நம்பரைக் குறித்துக்கொள்ள மறக்காதீர்கள். முதல் முறைக்கு இது கட்டாயமில்லை.

முட்டை அட்டை, மெல்லிய ஃபோம் தட்டு ஆகியவற்றுக்குச் செலவழிக்காதீர்கள். அவை மேல் ஸ்தாயி எதிரொலியைச் சற்றுக் குறைக்கும். பேஸை ஒன்றும் செய்யாது. நீண்ட அலையை உறிஞ்ச, மூலையில் அரை அடிக்குக் குறையாத தடிமனில் ராக்வூல் போன்ற அடர்ந்த பொருள் வேண்டும்.

3. எர்த், இரைச்சல்

சப்வூஃபரை மாட்டியதும் படம் ஓடாதபோதும் "ம்ம்ம்" என்று இரைகிறதா? சமன் செய்யும் முன் இதை ஒழிக்க வேண்டும். சப்வூஃபரிலிருந்து சிக்னல் கேபிளை உருவுங்கள். இரைச்சல் நின்றால் கோளாறு சப்வூஃபரில் இல்லை, அநேகமாகக் கருவிகளுக்கிடையே எர்த் சுற்று (எர்த் இணைப்புகள் வழியே மின்னோட்டம் சுற்றிவருவது) உருவாகியிருக்கிறது. அடுத்து கேபிளைத் திரும்ப மாட்டிவிட்டு, செட்டாப் பாக்ஸுக்கு வரும் கேபிள் டிவி வயரைக் கழற்றிப் பாருங்கள். பல வீடுகளில் இரைச்சல் அந்த வழியாகத்தான் வருகிறது. அந்த வயர் வழியான எர்த் தொடர்பைத் துண்டிக்கும் கோ-ஆக்சியல் ஐசோலேட்டர் ஒன்று வாங்கி இடையில் மாட்டினால் தீரும். ரிசீவரையும் சப்வூஃபரையும் ஒரே ஸ்விட்ச் போர்டிலிருந்து எடுப்பதும் உதவும்.

எர்த் முள்ளை வெட்டிவிடு, இரைச்சல் போய்விடும் என்று சொல்லும் ஆள் எல்லா ஊரிலும் இருக்கிறார். இரைச்சல் போகலாம், கூடவே உயிரும் போகலாம். பழைய வீடுகளில் மூன்று ஓட்டைச் சாக்கெட் இருந்தும் மேல் ஓட்டைக்குப் பின்னால் வயரே இல்லாமல் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சோதித்துவிடுங்கள்.

4. இடம்: இங்கேதான் பாதி வேலை முடிகிறது

ஒலி நம் ஊர் வெப்பத்தில் வினாடிக்கு ஏறக்குறைய 347 மீட்டர் போகிறது. 80 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை நீளம் சுமார் 14 அடி. உங்கள் ஹாலின் நீளமும் அநேகமாக அவ்வளவுதான். அலையும் அறையும் ஒரே அளவில் இருப்பதால் எதிர்ச்சுவர்களுக்கிடையே அலை நின்று நின்று ஒலிக்கும். சில இடத்தில் பேஸ் குமுறும், இரண்டடி தள்ளி உட்கார்ந்தால் காணாமலே போகும்.

எந்த ஒலியில் உங்கள் அறை குமுறும் என்று ஒரு கணக்கில் தெரிந்துகொள்ளலாம். 565-ஐ அறையின் அளவால், அடிக் கணக்கில், வகுங்கள். 10 அடிக்கு 56 ஹெர்ட்ஸ், 12 அடிக்கு 47, 14 அடிக்கு 40, 16 அடிக்கு 35. நீளம், அகலம், உயரம் மூன்றுக்கும் தனித்தனியாகப் போடுங்கள். மூன்றும் வேறு வேறு எண்ணாக வந்தால் நல்லது. பத்துக்குப் பத்து அறை, உயரமும் பத்தடி என்றால் மூன்றும் 56-இல் போய்க் குவியும். அந்த ஒரு ஸ்வரம் மட்டும் மற்றவற்றை அமுக்கிக்கொண்டு ஒலிக்கும். வேறு அறை இருந்தால் அங்கே மாற்றுங்கள் என்றுதான் சொல்வேன்.

உட்காரும் இடம்: அறையின் நட்டநடுவில் உட்காராதீர்கள், நீளவாக்கில் முதல் குமுறல் ஒலி அங்கே ஏறத்தாழச் சுழியாகிவிடும். பின் சுவரை ஒட்டி சோபா போட்டால் அதே ஒலி உச்சத்தில் கேட்கும். பின் சுவரிலிருந்து நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு தள்ளி உட்கார்வது நல்ல தொடக்கம். நம் ஹால்களில் நடைவழி வேண்டுமே, அவ்வளவு தள்ள முடியாது என்றால் சுவரிலிருந்து ஓர் அடியாவது சோபாவை முன்னால் இழுங்கள். அந்த ஓரடிக்கே வித்தியாசம் தெரியும்.

சப்வூஃபரின் இடம்: மூலையில் வைத்தால் அறையின் எல்லாக் குமுறல்களையும் சேர்த்து எழுப்பும். சத்தம் அதிகம் கிடைக்கும், தெளிவு குறையும். டிவி மேசைக்குப் பக்கத்தில், முன் இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் இடைப்பட்ட சுவரில் வைப்பது முதல் முயற்சி. அது சரிவராவிட்டால் இந்தப் பழைய முறையைச் செய்யுங்கள்.

சப்வூஃபரைத் தூக்கி நீங்கள் உட்காரும் இடத்திலேயே வையுங்கள். கனமானது, இரண்டு பேர் பிடியுங்கள். பேஸ் கிட்டார் ஸ்வரம் ஸ்வரமாக ஏறி இறங்கும் ஒரு பாட்டுத் துண்டைத் திரும்பத் திரும்ப ஓடவிடுங்கள். இப்போது சப்வூஃபரை வைக்க முடிகிற இடங்களுக்கெல்லாம் ஒவ்வொன்றாகப் போய், தரையில் குனிந்து, காதை முழங்கால் உயரத்தில் வைத்துக் கேளுங்கள். எந்த இடத்தில் எல்லா ஸ்வரமும் ஒரே பலத்தில் கேட்கிறதோ அதுதான் இடம். மிக அதிகச் சத்தம் கேட்கும் இடத்தில் மயங்கிவிடாதீர்கள், சமமாகக் கேட்கும் இடத்தைப் பிடியுங்கள். சுண்ணாம்பால் தரையில் குறி போட்டுவிட்டு சப்வூஃபரை அங்கே மாற்றுங்கள். கேட்பவரும் பெட்டியும் இடம் மாறினாலும் இரண்டுக்கும் இடைப்பட்ட ஒலிப்பாதை மாறாது என்பதால்தான் இது வேலை செய்கிறது. வீட்டில் மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள், பரவாயில்லை. இந்த அரை மணி நேரம் தருவதை எந்த விலையுள்ள கருவியும் தராது.

இன்னும் வாங்காதவர்களுக்கு ஒரு வார்த்தை: ஒரு பெரிய சப்வூஃபருக்கு வைத்திருக்கும் பணத்தில் இரண்டு நடுத்தரமானவை வாங்கி, எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் வைக்க முடிந்தால், சோபாவின் எல்லா இருக்கையிலும் பேஸ் சீராகும். செங்கல் அறைக்கு இதைவிட நல்ல தீர்வு எனக்குத் தெரியவில்லை.

முன் ஸ்பீக்கர்கள் இரண்டும் நீங்களும் ஏறக்குறைய சமபக்க முக்கோணம். ட்வீட்டர் (மேல் ஸ்தாயி ஒலி தரும் சின்ன ஸ்பீக்கர்) காது உயரத்தில். நடு ஸ்பீக்கரை டிவி மேசையின் உள் தட்டில் ஆழமாகச் செருகாமல் விளிம்புக்கு இழுத்து வையுங்கள். வசனம் தெளியாமல் போவதற்குப் பாதிக் காரணம் அந்தத் தட்டுதான்.

5. சப்வூஃபரின் பின்பக்கம்

ரிசீவரில் "சப் அவுட்" என்ற முனையிலிருந்து சப்வூஃபரில் "எல்எஃப்இ" (படத்தின் தனி பேஸ் தடம்) என்று எழுதிய முனைக்குக் கேபிள். அப்படி எழுதியிருக்காவிட்டால் இடது உள்ளீடு.

பின்னால் உள்ள கிராஸ்ஓவர் குமிழை முழுக்க மேலே திருப்பிவிடுங்கள், அல்லது பைபாஸ் என்றிருந்தால் அதைப் போடுங்கள். எந்த ஒலி சப்வூஃபருக்கு, எந்த ஒலி ஸ்பீக்கருக்கு என்று பிரிப்பதை ரிசீவர் பார்த்துக்கொள்ளும். இருவரும் பிரித்தால் நடுவில் பள்ளம் விழும். சப்வூஃபரின் சத்த அளவைக் கூட்டிக் குறைக்கும் கெயின் குமிழைப் பாதியில் நிறுத்துங்கள். ஃபேஸ் (ஒலி அலை முந்துவதையும் பிந்துவதையும் மாற்றும் குமிழ்) பூஜ்யத்தில். தானாக அணையும் ஆட்டோ ஸ்டாண்ட்பை வசதி இருந்தால் பவர் ஸ்விட்சை இப்போதைக்கு "ஆட்டோ"வில் விடாமல் "ஆன்" நிலையிலேயே வைத்துவிடுங்கள், அளவீட்டின்போது சப்வூஃபர் தூங்கிவிட்டால் ரிசீவர் அது இல்லவே இல்லை என்று முடிவு கட்டிவிடும்.

எல்லாம் ஒரே பெட்டியில் வரும் ஹோம் தியேட்டர் செட்டுகளில் சப்வூஃபருக்குக் குமிழே இருக்காது. நீங்கள் நேரே அடுத்த படிக்குப் போகலாம்.

6. ஆட்டோ அளவீடு: நேரத்தைத் தேர்ந்தெடுங்கள்

டெனான், மராண்ட்ஸ் ரிசீவர்களில் ஆடிஸி, யமஹாவில் ஒய்பிஏஓ, ஒன்கியோவில் மாடலைப் பொறுத்து அக்யூஈக்யூ அல்லது டிராக் லைவ் என்று பெயர் மாறும். செய்கிற வேலை ஒன்றுதான். மைக்கில் கேட்டு, ஒவ்வொரு ஸ்பீக்கரின் தூரத்தையும் பலத்தையும் கணக்கிட்டு, அறையின் மேடுபள்ளத்தை ஓரளவு திருத்தும்.

ஃபேன், ஏசி, ஃபிரிட்ஜ், மோட்டார் எல்லாம் நிறுத்த வேண்டும். ஃபேன் இல்லாமல் மே மாத மதியத்தில் அரை மணி நேரம் உட்கார முடியாது. ஆகவே ஞாயிறு காலை ஆறரை மணிவாக்கில் தொடங்குங்கள். மார்கழியில் மட்டும் கோயில் ஒலிபெருக்கி ஓயும்வரை காத்திருங்கள். ஈசிஆர், அண்ணா சாலை போன்ற பேருந்துத் தெருவை ஒட்டிய வீடென்றால் ஜன்னலை அடைத்துவிட்டு, ஹாரன் குறுக்கிட்ட அளவீட்டைத் திரும்ப எடுங்கள்.

மைக்கைச் சோபாவின் முதுகில் சாய்த்து வைக்காதீர்கள், கையிலும் பிடிக்காதீர்கள். ஸ்டாண்டில், உட்கார்ந்தால் உங்கள் காது இருக்கும் உயரத்தில் நிற்க வேண்டும். முதல் அளவீடு நீங்கள் எப்போதும் உட்காரும் இடத்தில். தூரமும் பலமும் முக்கியமாக அதிலிருந்துதான் எடுக்கப்படும். அடுத்தடுத்தவை அதைச் சுற்றி இரண்டடிக்குள். ரிசீவர் கேட்கும் அத்தனை இடத்தையும் அளந்து முடியுங்கள், மூன்றோடு நிறுத்தாதீர்கள். நீங்கள் ஓரமாக, மைக்குக்கும் ஸ்பீக்கருக்கும் குறுக்கே வராமல் நில்லுங்கள்.

7. அளவீடு முடிந்ததும் மெனுவில் திருத்த வேண்டியவை

ரிசீவர் சொன்ன முடிவை அப்படியே ஏற்கக் கூடாது. இவற்றைப் பாருங்கள்.

ஸ்பீக்கர் அளவு "லார்ஜ்" என்று வந்திருந்தால் "ஸ்மால்" ஆக்குங்கள். பெட்டி பெரிதா சிறிதா என்ற கேள்வியே இதில் இல்லை. பேஸை சப்வூஃபருக்கு அனுப்பலாமா என்றுதான் ரிசீவர் கேட்கிறது. ஆளுயர டவர் ஸ்பீக்கராக இருந்தாலும் ஸ்மால்தான் நல்லது.

கிராஸ்ஓவர் 80 ஹெர்ட்ஸ். அதற்கு மேல் போகப் போக, பேஸ் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காது கண்டுபிடித்துவிடும். கையடக்க சாட்டிலைட் ஸ்பீக்கர்களுக்கு மட்டும் 100 அல்லது 120. ரிசீவர் தானாகக் கண்டுபிடித்த எண்ணுக்குக் கீழே இறக்காதீர்கள், ஏற்றுவதில் தடையில்லை.

"எல்எஃப்இ-க்கு லோபாஸ்" (எந்த எண்ணுக்கு மேல் ஒலியை வெட்டுவது என்ற எல்லை) என்று தனியாக ஒன்று இருக்கும். அது 120-இலேயே இருக்கட்டும். படத்தின் தனி பேஸ் தடம் அதுவரை பதிவாகியிருக்கும், 80-க்கு இறக்கினால் பதிவில் ஒரு பகுதியை வெட்டிவிடுகிறீர்கள்.

சப்வூஃபர் மோடு "எல்எஃப்இ" மட்டும். "எல்எஃப்இ + மெயின்", யமஹாவில் "எக்ஸ்ட்ரா பேஸ்" என்பவை ஒரே ஒலியை ஸ்பீக்கருக்கும் சப்வூஃபருக்கும் சேர்த்து அனுப்பும். கேட்க முதலில் பிரமாதமாகத் தோன்றும், கொஞ்ச நேரத்தில் தலை வலிக்கும்.

சப்வூஃபர் லெவல் -12 என்று அடிமட்டத்தில் நின்றால் கெயின் அதிகம் என்று பொருள். குமிழைக் குறைத்துவிட்டு அளவீட்டை மறுபடி எடுங்கள். கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கும், ஆனாலும் எடுங்கள். -12 என்பது பல ரிசீவர்கள் இறங்க முடிந்த எல்லை, உண்மையான அளவு அதற்கும் கீழே எங்கோ இருக்கலாம்.

சப்வூஃபர் தூரம் மட்டும் உண்மையைவிடச் சில அடி கூடுதலாகக் காட்டினால் திருத்தாதீர்கள். சப்வூஃபருக்குள் இருக்கும் மின்சுற்று ஒலியைச் சற்றுத் தாமதப்படுத்துகிறது. அதையும் சேர்த்துத்தான் ரிசீவர் தூரமாகச் சொல்கிறது.

டிவியிலும் ஒரு வேலை இருக்கிறது. டிவியிலேயே ஓடிடி பார்ப்பவர்கள், டிஜிட்டல் ஒலி வெளியீட்டை பிசிஎம்-இலிருந்து ஆட்டோ அல்லது பாஸ்த்ரூவுக்கு மாற்றுங்கள். மாற்றாவிட்டால் ஐந்து ஸ்பீக்கருக்கும் ஒரு சப்வூஃபருக்கும் தனித்தனித் தடம் உள்ள 5.1 படமும் பல டிவிகளில் இரண்டு தடமாகச் சுருங்கியே வரும். பாட்டுக்கு "பியூர் டைரக்ட்" அழுத்தியதும் சப்வூஃபர் ஊமையானால் பயப்பட வேண்டாம். அந்த மோடு இந்த ஏற்பாட்டையெல்லாம் தாண்டிப் போகிறது. ஸ்டீரியோ மோடில் கேளுங்கள்.

8. பலம் சமமா?

ரிசீவரின் டெஸ்ட் டோனைப் போட்டு, போன் ஒலிமானியைக் காது இருக்கும் இடத்தில் வைத்து, ஒவ்வொரு ஸ்பீக்கரையும் படியுங்கள். செயலியில் எடை (எந்த ஒலியை எவ்வளவு கணக்கில் எடுப்பது என்ற அமைப்பு) "சி", வேகம் "ஸ்லோ" என்று வையுங்கள். "ஏ" எடை 50 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 30 டெசிபல் குறைத்துக் காட்டும். அதை நம்பி சப்வூஃபரை ஏற்றினால் வீடு தாங்காது. ஸ்பீக்கர்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று ஒரு டெசிபலுக்குள் இருந்தால் போதும். வீட்டு ரிசீவர் டோன்களுக்கு வழக்கமான இலக்கு 75 டெசிபல்.

சப்வூஃபருக்குப் போனை முழுதும் நம்ப முடியாது, போன் மைக்குகள் பேச்சுக்கானவை. அடி ஒலியைப் பல போன்கள் குறைத்தே காட்டும். ஆகவே சப்வூஃபர் லெவலுக்கு ரிசீவரின் கணக்கையே எடுத்துக்கொண்டு, வேண்டுமானால் மூன்று டெசிபல் ஏற்றுங்கள். ஆறுக்கு மேல் ஏற்றத் தோன்றினால் இடம் சரியில்லை என்று பொருள், நான்காம் படிக்குத் திரும்புங்கள்.

9. இரண்டையும் ஒரே நேரத்தில் சேர்ப்பது

இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். 80 ஹெர்ட்ஸ் பக்கத்தில் சப்வூஃபரும் முன் ஸ்பீக்கர்களும் சேர்ந்தே ஒலிக்கின்றன. இரண்டு பக்கமும் உரலில் மாற்றி மாற்றி உலக்கை போடுகிறவர்கள்போல, தாளம் ஒத்தால் வேலை நடக்கும், தவறினால் ஒன்றையொன்று தடுக்கும். 80 ஹெர்ட்ஸ் அலையில் பாதி ஏழடி. சப்வூஃபரின் ஒலி ஏழடி பிந்தி வந்தால் ஸ்பீக்கர் தள்ளும்போது அது இழுக்கும். பேஸ் கூட வேண்டிய இடத்தில் கரைந்துபோகும். நீங்கள் லெவலை ஏற்றுவீர்கள், குமுறல்தான் ஏறும், பள்ளம் நிரம்பாது.

செய்முறை: 80 ஹெர்ட்ஸ் ஒற்றை ஒலியைப் போனிலிருந்தோ யுஎஸ்பியிலிருந்தோ ஸ்டீரியோ மோடில் ஓடவிடுங்கள். வால்யூம் பேச்சு அளவுக்கு மேல் வேண்டாம். ஒற்றை ஒலியை உரக்க நீண்ட நேரம் விட்டால் ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச்சுருள் சூடேறிக் கருகும். காது இருக்கும் இடத்தில் ஒலிமானி. எண்ணைக் குறித்துக்கொண்டு சப்வூஃபரின் ஃபேஸை 180-க்கு மாற்றுங்கள். எந்த நிலையில் எண் அதிகமோ அதை வையுங்கள். இங்கே போன் மைக் போதும், நமக்கு வேண்டியது எது கூடுதல் என்பது மட்டும்.

இன்னும் நுணுக்கமாக வேண்டுமென்றால், நன்றாகக் கேட்ட நிலையிலிருந்து ஃபேஸை வேண்டுமென்றே எதிர்ப்பக்கம் மாற்றுங்கள். இப்போது மெனுவில் சப்வூஃபர் தூரத்தை அரை அரை அடியாக ஏற்றியும் இறக்கியும், ஒலி எங்கே மிகத் தாழ்கிறது என்று தேடுங்கள். ஆழமான பள்ளம் ஒன்று தெளிவாகக் கிடைக்கும். உச்சத்தைத் தேடுவதைவிடப் பள்ளத்தைத் தேடுவது சுலபம், அது கூர்மையாக இருக்கும். தூரத்தை அங்கேயே விட்டுவிட்டு ஃபேஸைப் பழைய நிலைக்குத் திருப்புங்கள். சேர்ந்துவிட்டது. ஏழாம் படியில் திருத்தாதீர்கள் என்று சொன்ன தூரத்தை இப்படி அளந்து மட்டுமே மாற்றலாம், டேப் வைத்து மாற்றக் கூடாது.

10. அதிரும் பொருள்கள்

20 முதல் 120 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் ஒலியை ஓடவிட்டு, ஒருவர் அறையைச் சுற்றி வாருங்கள். ஷோகேஸ் கண்ணாடி, ஜன்னல் கொக்கி, பரணில் அடுக்கிய எவர்சில்வர் பாத்திரம், பூஜை அலமாரி மணி, பக்கத்து அறை பீரோ ஆகிய எல்லாம் பதில் சொல்லும். கண்ணாடிக்கு ரப்பர் பீடிங், பீரோக் கதவுக்கு ஃபெல்ட் துண்டு, பாத்திரங்களுக்கிடையே பழைய துணி. நூறு ரூபாய்க்குள் முடியும். ஃபால்ஸ் சீலிங் போட்டவர்கள் அதன் ஓரங்களைக் கையால் அழுத்திப் பாருங்கள். அழுத்தினால் நிற்கும் அதிர்வு அங்கிருந்து வருவதுதான்.

11. காதால் சோதனை

நாதஸ்வரக் கச்சேரிப் பதிவு ஒன்று எடுங்கள். தவிலின் வலந்தலை (வலது முகம்) முன் ஸ்பீக்கர்களிலிருந்தும் தொப்பி (இடது முகம்) எங்கோ மூலையிலிருந்தும் வந்தால் இன்னும் சேரவில்லை. இரண்டும் ஒரே தவிலாக, ஒரே ஆளின் மடியில் ஒலிக்க வேண்டும். அடுத்து கனத்த ஆண்குரல் வசனம். குரலின் அடி சப்வூஃபர் பக்கமாக இழுபட்டால் கிராஸ்ஓவர் அதிகம். கடைசியாக சப்வூஃபரை அணைத்துவிட்டு அதே பாட்டைக் கேளுங்கள். அணைத்ததும் பாட்டு மெலிய வேண்டும். போடும்போது சப்வூஃபர் தனியாகத் தெரியக் கூடாது.

பிடித்த ஒரே படத்தை மட்டும் வைத்துத் திருத்தாதீர்கள். அந்தப் படத்தின் மிக்ஸிங்குக்கு உங்கள் வீடு பழகிவிடும், மற்றதெல்லாம் கெடும்.

இரவில் வால்யூம் குறைத்துக் கேட்கும்போது பேஸ் குறைந்ததாகத் தோன்றும். நம் காது தாழ்ந்த சத்தத்தில் அடி ஒலியைக் குறைவாகத்தான் கேட்கும். சப்வூஃபர் லெவலைத் தொடாமல், ஆடிஸியில் டைனமிக் ஈக்யூ, யமஹாவில் ஒய்பிஏஓ வால்யூம் ஆகியவற்றைப் போடுங்கள். அவை வால்யூமுக்கு ஏற்பத் தாமே ஈடுசெய்யும்.

12. அக்கம்பக்கமும் மழைக்காலமும்

பொதுச்சுவர் வீடுகளில் வசனம் அடுத்த வீட்டுக்குப் போகாது, பேஸ் போகும். மத்திய அரசின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்து முதல் காலை ஆறு வரை இரவு நேரம், குடியிருப்புப் பகுதிக்கான வரம்பு 45 டெசிபல். சட்டத்துக்கு முன்னாலேயே பக்கத்து வீட்டு அம்மாவிடம் ஒரு நாள் போய், "சத்தம் வருதாம்மா, எந்த ரூம்ல கேக்குது?" என்று கேட்டுவிடுங்கள். அவர் சொல்லும் அறையைப் பொறுத்து சப்வூஃபரைப் பொதுச்சுவரிலிருந்து விலக்கி வைக்கலாம், அடியில் தடித்த ரப்பர் மேட் போடலாம். ரப்பர் தரை வழியாகப் போகும் அதிர்வைக் குறைக்கும். காற்று வழியாகப் போவதைக் குறைக்க வால்யூம்தான் வழி.

எல்லாம் முடிந்ததும் ஒவ்வொரு மெனுப் பக்கத்தையும், சப்வூஃபர் குமிழ்களையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டைப் பெருக்கும்போது திரும்பிவிடும் கெயின் குமிழ்தான் பிறகு வரும் புகார்களில் பலவற்றுக்குக் காரணம். குமிழின் நிலையை மார்க்கரால் கோடிட்டும் வைக்கலாம்.

கடலோரக் காற்றில் ஆர்சிஏ முனைகள் பச்சை பூக்கும். புரட்டாசி முடிவதற்குள் ஒருமுறை எல்லாக் கேபிளையும் உருவி, கான்டாக்ட் கிளீனர் தெளித்துத் துடைத்து மாட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இடி மின்னல் தொடங்கியதும் பவர் பிளக்கோடு கேபிள் டிவி வயரையும் சேர்த்துக் கழற்றுங்கள், பலர் பவரை மட்டும் கழற்றிவிட்டு அந்த வயரை விட்டுவிடுகிறார்கள். சோபாவை நகர்த்தினாலோ பெரிய அலமாரி புதிதாக வந்தாலோ ஆறாம் படியிலிருந்து மறுபடி எடுங்கள். சப்வூஃபரே இடம் மாறினால் நான்காம் படியிலிருந்து.